தங்கம் எடுத்த ஊரில் தண்ணீர்க் கணக்கு

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் என் பெங்களூர் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு மஞ்சள் பை. காபி குடித்து முடிக்கும் வரை பையைப் பற்றிப் பேசவில்லை. பிறகு மெல்லப் பிரித்தான். உள்ளே அவன் மனைவியின் நகைகள். கல்யாணத்துக்குப் போட்டது, பிள்ளை பிறந்தபோது வாங்கியது என்று எல்லாம் சேர்த்து பதினோரு பவுன்.

"உனக்குத் தெரிஞ்ச பேங்க்ல வெச்சுக் குடுக்கா. ஊர்ல வெச்சா அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்."

"எதுக்கு?"

"போர் போடணும். பாயிண்ட் பார்த்தாச்சு. ஆயிரத்து நானூறு அடி போனா கெடைக்கும்கறாங்க."

கோலார் தங்கவயலில் பிறந்தவள் நான். தங்கத்துக்காகப் பூமியைத் தோண்டிய ஊர் அது. இப்போது பூமியைத் தோண்டுவதற்காகத் தங்கம் அடகுக் கடைக்குப் போகிறது. எங்கள் மாவட்டத்தில் இது புதிய சங்கதி அல்ல. என் வீட்டு மேஜைக்கே வந்து சேர்ந்தது மட்டும்தான் புதிது.

அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1972இல் சேர்ந்தார். ஆறாயிரம் அடிக்கும் கீழே வேலை. எங்கள் லைன் வீட்டில் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. சங்கு ஊதினால் அப்பா கிளம்புவார், அடுத்த சங்குக்கு வருவார். சங்கு நேரம் கெட்டு ஊதினாலோ, தரை அதிர்ந்து பாத்திரம் உருண்டாலோ, அம்மாக்கள் எல்லாம் ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள். பாறை வெடிப்பு என்றால் எங்களுக்குப் பூகம்பத்தைவிடப் பயம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் சுமார் 800 டன் தங்கம் இந்த ஊரிலிருந்து வெளியே போயிருக்கிறது. அதை வெட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த தமிழர்கள். என் கொள்ளுத்தாத்தாவும் குடியாத்தம் பக்கம் கிணறு வற்றியதால் வந்தவர்தான். தண்ணீர் இல்லாமல் நிலத்தை விட்டு வந்த குடும்பம், நூறு ஆண்டு கழித்து அதே கவலைக்குத் திரும்பியிருக்கிறது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. கையில் கொடுத்த பணத்தோடு அப்பா வீட்டுக்கு வந்தார். லைனில் பலர் அந்தப் பணத்தில் ஆட்டோ வாங்கினார்கள், பெண்களுக்குக் கல்யாணம் செய்தார்கள். எங்களைப் போன்ற பிள்ளைகள் விடியுமுன்பே மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பினோம். நான் பதினாறு ஆண்டுகள் அப்படிப் போனேன். அப்பா மட்டும் பேத்தமங்கலா பக்கத்தில் அம்மாவின் பங்காக வந்த இரண்டு ஏக்கரில் போர் போட்டார். 450 அடியில் தண்ணீர் வந்தது. எங்கள் பக்கத்தில் சொல்வது போல, இரண்டு அங்குலத் தண்ணீர். அன்று அப்பா முகத்தில் பார்த்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கோலார் மாவட்டத்தை ரயிலில் கடந்து மட்டும் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே வற்றாத நதி ஒன்றுகூட இல்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் மட்டும் ஓடும். அதனால்தான் பழைய மன்னர்களும் ஊர்க்காரர்களும் ஆயிரக்கணக்கில் ஏரி வெட்டி வைத்தார்கள். ஏரி நிறைந்தால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் ராகி, கொஞ்சம் நெல், கொஞ்சம் மல்பெரி. இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

தொழில்நுட்பம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1902இலேயே, காவிரியின் சிவசமுத்திரத்தில் மின் நிலையம் கட்டி, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து, தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். அப்போது உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருவிளக்கு எரிந்ததுகூட மூன்று ஆண்டு கழித்து, 1905இல்தான். ஆனால் தங்கவயலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அம்மாவின் கிராமத்துக்குக் கரண்ட் வர அறுபதுகள் வரை ஆனது. கமலை இழுத்துக்கொண்டிருந்த தாத்தா, தலைக்குமேல் போன கம்பியை அறுபது வருஷம் வேடிக்கை பார்த்தார் என்று அம்மா சொல்வாள்.

கரண்ட் வந்த பிறகு மோட்டார் வந்தது. எழுபது, எண்பதுகளில் போர் லாரி வந்தது. பிறகு நீர்மூழ்கி மோட்டார். பத்து குதிரைத் திறன் வரை பம்புசெட்டுக்கு மின்கட்டணம் இல்லை என்று அரசும் சொல்லிவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் இதே கதைதான். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு தரிசெல்லாம் தைலமரம். அதைப் புதிதாக நடக்கூடாது என்று கர்நாடக அரசு 2017இல் தடை போட்டபோது, உறிஞ்ச வேண்டியதையெல்லாம் அது உறிஞ்சி முடித்திருந்தது.

எங்கள் போர் 2006இல் வற்றியது. அடுத்தது 700 அடி. 2012இல் அதுவும் போயிற்று. மூன்றாவது, 900 அடி வரை போயும் வெறும் புழுதி. நிலத்தடி நீர் என்றதும் கீழே ஒரு ஏரி தேங்கி நிற்பதாக நம்மில் பலர் நினைக்கிறோம். கோலாரின் அடியில் இருப்பது கருங்கல். தண்ணீர் இருப்பதெல்லாம் அந்தக் கல்லின் விரிசல்களில். ஆழம் போகப் போக மேலே இருக்கும் பாறையின் பாரத்தில் விரிசல்கள் குறுகிக்கொண்டே போகும். இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியம் அப்பாவுக்கு இல்லை. "மைன்ஸ்ல தண்ணி ஒழுகறது மேல் லெவல்லதான். கீழ போகப் போக கல்லு காஞ்சு கெடக்கும். இவனுங்க என்னமோ கீழ கங்கை ஓடற மாதிரி குழி போடறானுங்க" என்பார். சொன்னாலும், 2014இல் நாலாவது குழியை அவரும்தான் போட்டார். 1,100 அடி. அதிர்ஷ்டம், தண்ணீர் வந்தது. மோட்டார் ஓடினால் மணிக்கு 7,000 லிட்டர்.

அடுத்த ஆண்டு சொட்டுநீர் வந்தது.

இந்தச் சொட்டுநீரின் கதை இஸ்ரேலில் தொடங்குகிறது. கேரளாவைவிடச் சின்ன நாடு. தெற்குப் பாதி பாலைவனம். சிம்கா பிளாஸ் என்ற நீர்ப் பொறியாளர் முப்பதுகளில் ஒரு மரத்தைக் கவனித்தாராம். யாரும் தண்ணீர் ஊற்றாமலே பக்கத்து மரங்களைவிடச் செழித்திருந்தது. தோண்டிப் பார்த்தால் குழாயில் ஒரு சின்னக் கசிவு. அந்தக் கசிவை மனதில் வைத்துக்கொண்டே இருந்தார். சின்ன ஓட்டை போட்டால் மண் அடைத்துவிடும். பெரிய ஓட்டை போட்டால் தண்ணீர் கொட்டிவிடும். தண்ணீரை நீளமான, வளைந்து வளைந்து போகும் பாதையில் ஓடவிட்டால் வேகம் அடங்கி, பெரிய துவாரம் வழியாகவே சொட்டாக வரும் என்று கண்டுபிடித்தார். பிளாஸ்டிக் மலிவானதும் அது சாத்தியமாயிற்று. 1965இல் நெகேவ் பாலைவனத்தின் ஹட்செரிம் என்ற கூட்டுப்பண்ணை அவரோடு ஒப்பந்தம் போட்டது. நெட்டாஃபிம் கம்பெனி பிறந்தது அப்படித்தான். அந்தப் பண்ணையில் பெய்யும் மழையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கோலாரில் பெய்கிறது.

இவ்வளவும் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். கோலார் மாவட்டத்திலேயே இஸ்ரேல் ஒத்துழைப்போடு ஒரு மாம்பழச் சிறப்பு மையம் இருக்கிறது. போய்ப் பார்த்தவர்கள் வந்து கதை கதையாகச் சொல்வார்கள். யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பிளாஸின் குழாய் வயலுக்கு வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1959இல், இஸ்ரேல் ஒரு தண்ணீர்ச் சட்டம் போட்டது. ஆற்றில் ஓடுவது, பூமிக்கு அடியில் இருப்பது, சாக்கடையில் போவது எல்லாமே பொதுச்சொத்து. உன் நிலத்துக்கு அடியில் இருந்தாலும் அது உன்னுடையது இல்லை. ஒவ்வொரு பண்ணைக்கும் அளவு உண்டு, மீட்டர் உண்டு, விலை உண்டு. அந்தத் தண்ணீர்க் கணக்கில் பாலஸ்தீனர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு பலமானது. அதை மறைத்துவிட்டு அந்த நாட்டைப் புகழ எனக்கு மனம் இல்லை. ஆனால் அளவுக்கு மேல் எடுக்க முடியாது என்று ஆனபிறகுதான் அங்கே ஒரு சொட்டுக்கு மதிப்பு வந்தது. மீட்டர் முதலில், குழாய் பிறகு.

எங்களுக்குக் குழாய் மட்டும் வந்தது.

கர்நாடக அரசு 90 சதவிகிதம் வரை மானியம் கொடுத்த காலம் அது. அம்மா பெயரில் விண்ணப்பம் போட்டோம். வடிகட்டி, உரம் கலக்கும் வென்ச்சுரி, பதினாறு மில்லிமீட்டர் கறுப்புக் குழாய்கள் எல்லாம் வந்து இறங்கின. தம்பி அதற்கு முன் ஒரு ஏக்கரில்தான் தக்காளி போடுவான். வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுவான். ஒரு தடவை பாய்ச்ச இரண்டு லட்சம் லிட்டர், ஐந்து நாளுக்கு ஒரு தடவை. நாள் கணக்கில் பார்த்தால் 40,000 லிட்டர். சொட்டுநீரில் அதே ஏக்கருக்கு, காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போதுகூட 15,000 போதும். களை குறைந்தது, ஆள்கூலி குறைந்தது, காய் பருத்தது. மேல்மூடாக்குக்கு பிளாஸ்டிக் தாள் போட்டதும் ஈரம் இன்னும் நின்றது. ஒரே பருவத்தில் தம்பி நிமிர்ந்துவிட்டான். இந்தக் கருவி நல்ல கருவி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிச்சமான 25,000 லிட்டர் என்ன ஆயிற்று? பூமியில் தங்கியிருக்க வேண்டியது அது. தம்பி 2016இல் இரண்டு ஏக்கரையும் நட்டு, பக்கத்தில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கும் எடுத்தான். மூன்று ஏக்கர், 45,000 லிட்டர். முன்பு ஒரு ஏக்கருக்கு எடுத்ததைவிட ஐயாயிரம் அதிகம்! வாய்க்காலில் பாயும்போது கொஞ்சமாவது கீழே இறங்கி ஊற்றுக்குத் திரும்பும். சொட்டுநீரில் அதுவும் இல்லை. அவன் மட்டும் என்றில்லை, அந்த மண்ணில் குழாய் போட்டவர்கள் பலரும் செய்தது இதுதான். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. மிச்சப்படுத்தியவனுக்குப் பரிசு கிடையாது, எடுத்தவனுக்குத் தண்டனை கிடையாது; நீ எடுக்காவிட்டால் பக்கத்துக் காட்டுக்காரன் எடுக்கப்போகிறான்.

2017 கோடையில் எங்கள் போர் மணிக்கு 7,000 லிட்டரிலிருந்து 4,000க்கு இறங்கியது. இந்த எண் எப்படித் தெரியும் என்றால், அதற்குள் அப்பா ஒரு காரியம் செய்திருந்தார். பெங்களூரில் என்னை ஒரு கடைக்கு அழைத்துப்போய் ஒரு தண்ணீர் மீட்டர் வாங்கி, போர்க் குழாயில் மாட்டிவிட்டார். ஊரே சிரித்தது. "பில்லு யாருக்குப் போடப் போறீங்க பெரியவரே?" என்று கேட்டார்கள். சுரங்கத்தில் பாறை ஒவ்வொரு வண்டியும் கணக்கு. டன்னுக்கு எத்தனை கிராம் என்று பரிசோதித்து எழுதுவார்கள். கிராம் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்துத்தான், மூடுவதற்குப் பல ஆண்டு முன்பே கீழே இருந்தவர்களுக்கு முடிவு தெரிந்துவிட்டது என்பார் அப்பா. "எழுதி வெச்சா எப்ப சாகும்னாவது தெரியும்" என்று நாற்பது பக்க நோட்டில் தினமும் காலையும் மாலையும் எழுத ஆரம்பித்தார். அவருக்கு இருமல் அதிகம். மோட்டார் கொட்டகைக்கு நடந்து போய்வர இரண்டு இடத்தில் உட்கார வேண்டும். ஆனாலும் ஒரு நாள்கூட நோட்டில் விட்டுப்போனதில்லை.

மும்முனை மின்சாரம் ஏழு மணி நேரம். 4,000 வீதம் 28,000 லிட்டர். இரண்டு ஏக்கருக்கே போதாது. நோட்டைக் காட்டி அப்பா தீர்ப்பு சொன்னார்: கோடையில் ஒரு ஏக்கருக்கு மேல் நடக்கூடாது. குத்தகை நிலத்தை விட்டுவிட வேண்டும். தம்பி முறைத்தான்; ஆனால் நிலம் அம்மா பெயரில் இருந்தது.

அந்தத் தீர்ப்புக்கு நாங்கள் கொடுத்த விலையையும் சொல்லிவிட வேண்டும். கோலார் தக்காளி மண்டி ஆசியாவிலேயே பெரியவற்றில் ஒன்று. பதினைந்து கிலோ பெட்டிதான் அங்கே கணக்கு. பெட்டி ஐம்பது ரூபாய்க்குக்கூடப் போகாமல் சாலையில் கொட்டிவிட்டு வந்த நாட்கள் உண்டு. 2023 ஜூலையில் அதே பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. நாடு முழுக்க தக்காளி பற்றித்தான் பேச்சு. எங்கள் காட்டில் அப்போது நின்றது அரை ஏக்கர். கோடையில் நாற்று நடும்போது, மீட்டரைப் பார்த்து அப்பா அனுமதித்தது அவ்வளவுதான். பக்கத்தில் மூன்று ஏக்கர் போட்டிருந்தவர் அந்த ஒரு மாதத்தில் வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டார். தம்பி அப்பாவோடு பேசவில்லை. எத்தனை நாள் என்று அம்மாதான் எண்ணிக்கொண்டிருந்தாள். குடும்பத்துக்குக் கணக்கெழுதுபவள் நான். அந்த ஆண்டு எங்களுக்குப் பல லட்சம் நஷ்டம் என்பது உண்மை. மாடி எடுத்தவரின் போர் மறு கோடையில் காற்றைத் துப்பியது என்பதும் உண்மை. அவருக்கு மாடி இருக்கிறது.

இன்னொரு தண்ணீரும் எங்கள் மாவட்டத்துக்கு வருகிறது, அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். பெங்களூரின் கோரமங்களா, செல்லகட்டா பள்ளத்தாக்குச் சாக்கடையைச் சுத்திகரித்து, குழாய் வழியாக ஏற்றி, கோலாரின் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்பும் திட்டம். நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் இலக்கு. 2018 ஜூனில் லட்சுமிசாகர ஏரிக்கு முதல் தண்ணீர் வந்தது. அடுத்த மாதமே ஏரியில் நுரை. உயர் நீதிமன்றம் நிறுத்தியது, பிறகு அனுமதித்தது. உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிற்று. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு இல்லாமல் அனுப்புகிறார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் புகார், நியாயமான புகார். டெல் அவிவின் சாக்கடையையும் அவர்கள் வயலுக்குத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் சுத்திகரித்த பிறகும் மணலில் இறக்கி, மாதக்கணக்கில் ஊறவிட்டு எடுத்து அனுப்புகிறார்கள். எங்கள் பக்கத்திலோ, நரசாபுரம் பக்கம் பல ஆண்டு காய்ந்து கிடந்த கிணறுகளில் தண்ணீரைப் பார்த்தவர்களிடம் போய் மூன்றாம் கட்டம் பற்றிப் பேசினால், உனக்கென்ன, காவிரித் தண்ணீர் குடிக்கிறாய் என்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை. நான் கை கழுவிய தண்ணீர் எனக்கு முன்பே ஊருக்குப் போய்விடுகிறது.

அந்தத் தண்ணீர் எங்கள் கிராமம் வரை வரவில்லை. 2021 மழையில் ஏரி நிறைந்தபோது மீட்டர் கொஞ்சம் நிமிர்ந்தது. நோட்டில் 5,200 என்று எழுதி அப்பா அடியில் கோடு போட்டிருக்கிறார். அடுத்தடுத்த கோடைகளில் மறுபடி இறக்கம். அதன் பிறகுதான் இந்த மஞ்சள் பை.

"ஆயிரத்து நானூறு அடியில தண்ணி இருக்கும்னு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"தேங்கா வெச்சுப் பார்த்தாங்க. மெஷின் வெச்சும் பார்த்தாங்க."

"அப்பாவைக் கேட்டியா?"

"அவரைக் கேட்டா ராகி போடுன்னுவார். ராகி போட்டு புள்ளைங்களை இங்கிலீஷ் மீடியம் படிக்க வெக்க முடியுமாக்கா?"

அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போர், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் வராவிட்டால் பதினோரு பவுனும் போகும். வந்தால், நோட்டில் இருக்கும் வேகத்தைப் பார்த்தால், மூன்று நான்கு கோடை. ஒரு காகிதத்தில் இதையெல்லாம் எழுதிக் காட்டினேன். அவன் படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பையை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான். அடகு வைக்கவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பை என் பீரோவிலேயே இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை போன் செய்வான். மாங்காய் விலை, அம்மாவின் கால்வலி எல்லாம் பேசிவிட்டு, "அது இருக்கில்ல?" என்பான். "இருக்கு" என்பேன்.

கார்த்திகையில் ஊருக்குப் போனபோது நோட்டைப் புரட்டினேன். கடைசி இரண்டு மாதம் அப்பாவின் கையெழுத்து இல்லை, தம்பியுடையது. அப்பாவால் கொட்டகை வரை நடக்க முடியவில்லையாம். அரை ஏக்கர் தக்காளி, அரை ஏக்கர் பீன்ஸ், மீதியில் ராகி நின்றது. போர் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது தம்பி மனைவி என்னோடு ரயிலேறினாள், பெங்களூரில் அவள் சித்தி பெண் கல்யாணத்துக்கு. என் வீட்டுக்கு வந்து பையைத் திறந்து, ஆரத்தையும் வளையலையும் எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள். மறுநாள் சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றி, துணியில் சுற்றி, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போயேன்" என்றேன்.

"வேணாம் அண்ணி" என்றாள். "வீட்ல இருந்தா அவரு போர் போட்டுடுவாரு."